மாட்டு வண்டிக்காரரின் பெயர் என்ன?

பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினம். அதையொட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, காணிப்பாக்கத்தில் நமது சங்க அறையில் பிள்ளைகளைக் கூட்டி, இந்திய விண்வெளி வளர்ச்சி பற்றிய செய்திப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினோம். கடன் வாங்கிய டெலிவிஷன் பெட்டி, ஒரு தோழரின் செல்போன், இரண்டு பாய், ஒரு தூக்கு நிறைய சுண்டல். வெல்லம் காய்ச்சும் ஆலையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், கல் குவாரியில் உடைக்கிறவர்களின் பிள்ளைகள், மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் என்று அறை நிறைந்துவிட்டது.

படத்தில் ஒரு காட்சி வந்தது. நம்மில் பலரும் பார்த்த காட்சிதான். மாட்டு வண்டி ஒன்றின்மேல் பெரிய விண்கலம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. "ஆப்பிள்" என்னும் செயற்கைக்கோள் அது. நம் நாட்டில் செய்த முதல் சோதனைத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். 1981 ஜூன் 19-ம் தேதி தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது. வண்டி வந்ததும் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை மட்டும் சிரிக்காமல் திரும்பிப் பார்த்து, "மாமா, அந்த வண்டிக்காரர் பேர் என்ன?" என்று கேட்டது.

படம் அதைச் சொல்லவில்லை. கலத்தின் பெயரைச் சொன்னது, ராக்கெட்டின் பெயரைச் சொன்னது, அதிகாரிகள் பெயரைச் சொன்னது. வண்டி ஓட்டியவருக்குப் பெயர் இல்லை. அந்தக் குழந்தையின் தகப்பனார் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். அதனால்தான் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியது, நமக்குத் தோன்றவில்லை.

இந்த மாதத் தலையங்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறோம்.

கூலி உயர்வும் ரேஷன் கார்டும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரும் கேட்டுப் போராட வேண்டிய நேரத்தில், டெலிவிஷன் படத்தைப் பற்றித் தலையங்கமா என்று மூத்த தோழர் ஒருவர் கடிந்துகொண்டார். நியாயமான கேள்வி. ஆனால் அன்று இரவு அந்தக் குழந்தையின் தாயாரிடம் பேசினோம். பத்தாவது முடிந்ததும் மகளை நிறுத்தி, மாம்பழ சீசனில் தம்மோடு ஃபேக்டரிக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறார். "சயின்ஸ் குரூப்பெல்லாம் நம்ம ஜனங்களுக்கா அண்ணே? அதெல்லாம் வேற மாதிரி ஆளுங்களுக்கு" என்றார். வேறு மாதிரி ஆட்கள் என்ற எண்ணம் அந்த அம்மாளுக்கு யார் கொடுத்தது? பள்ளிக்கூடம் கொடுத்தது பாதி, பட்டினி கொடுத்தது பாதி என்று நாம் வழக்கம்போலச் சொல்லலாம். ஆனால் கண் பார்த்துப் பார்த்துப் பழகியதும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம் ஓடும். அணைக்கட்டு, உரத் தொழிற்சாலை, அணு உலை, எல்லாவற்றுக்கும் ஒரே கம்பீரமான ஆண் குரல். அந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் பீடி பற்றவைக்க வெளியே போவார்கள். போனது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆண் விளக்குவார், சித்தாள் கல் சுமப்பாள். அவள் சுமந்த கல்லைப் பற்றிக் குரல் பேசும், அவளைப் பற்றிப் பேசாது.

மாட்டு வண்டிக்குத் திரும்புவோம். ஏழை நாடு, லாரிக்கு வழியில்லை, அதனால் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள் என்பதுதான் அந்தப் படத்தைப் பார்க்கும் பலரும் கொள்ளும் பொருள். உண்மைக் காரணம் வேறு. செயற்கைக்கோளின் ஆன்டெனாவைத் திறந்த வெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் உலோகம் இருந்தால் ரேடியோ அலைகள் மோதித் திரும்பி அளவு தவறிவிடும். லாரி முழுக்க இரும்பு. மர வண்டியில் அந்தத் தொந்தரவு இல்லை. தச்சர் செய்த அந்த வண்டி அன்றைக்கு ஒரு விஞ்ஞானக் கருவியாக வேலை செய்தது. இதை விளக்க அரை நிமிஷம் போதும். விளக்காமல் விட்டால், அதே படம் நம்மைப் பட்டிக்காட்டான் என்று சொல்லும் படமாகிவிடுகிறது.

அப்படித்தான் ஆகியும் விட்டது. 2014 செப்டம்பர் 24-ம் தேதி மங்கள்யான் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றத் தொடங்கியது. சில நாட்களில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு கார்ட்டூன் போட்டது. உள்ளே கோட்டு சூட்டுப் போட்ட கனவான்கள் உட்கார்ந்திருக்கும் விண்வெளி கிளப்பின் கதவை, தலைப்பாகை கட்டிய விவசாயி ஒருவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு தட்டுகிறான். வரைந்தவர் சிங்கப்பூர்க் கலைஞர். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தப் பத்திரிகையின் தலையங்கப் பகுதி ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார்.

அப்போது நம் படித்த வர்க்கத்துக்கு வந்த கோபத்தையும் சற்றே உரசிப் பார்க்க வேண்டும். "எங்களை மாட்டுக்காரன் என்று காட்டுகிறாயே" என்பதுதான் அவர்களில் பலருடைய கோபம். மாட்டுக்காரன் என்றால் என்ன கேவலம்? கதவைத் தட்ட வேண்டியவன் என்று காட்டியதுதான் அவமானம். மாடு பிடித்திருந்ததில் அவமானம் ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் நாளைக்கு ஸ்டூடியோவில் உட்கார்ந்து படம் எடுத்தால், மாட்டுக்காரரை வெட்டி எறிந்துவிட்டுக் கோட்டுக்காரரை மட்டும் வைப்பார்கள்.

அதே செப்டம்பர் 24-ம் தேதி இன்னொரு போட்டோ உலகெங்கும் போனது. பெங்களூரில் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து மகிழும் போட்டோ. "இதோ செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய பெண்கள்" என்று எல்லோரும் கொண்டாடினார்கள். நாமும் நமது அறிக்கைப் பலகையில் ஒட்டினோம். பிறகுதான் இஸ்ரோ விளக்கம் சொன்னது: படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள், திட்டத்தில் வேலை செய்த பெண் விஞ்ஞானிகள் பலர் கட்டுப்பாட்டு அறைக்குள்ளே இருந்தார்கள்.

இதைக் கேட்டதும் "ஓ, அவர்கள் குமாஸ்தாக்கள்தானா" என்று சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நாமும் ஒரு குமாஸ்தா என்பதால் இதில் இரண்டு வார்த்தை சொல்ல உரிமை உண்டு. பில் பாஸ் ஆகாமல் ராக்கெட் பாஸ் ஆகாது. அந்தப் பெண்கள் மகிழ்ந்ததில் பிழையில்லை. பிழை, உள்ளே கணக்குப் போட்ட பெண்களின் முகத்தைத் தேடாமல், அழகாகக் கிடைத்த படத்தை எடுத்து அவர்களுக்குப் பதிலாக நிறுத்தியதில். பெண் என்றால் ஒருத்திக்கு இன்னொருத்தி போதும் என்ற அலட்சியம் அது. ஆண் விஞ்ஞானிக்குப் பதிலாக ஆபீஸ் சூபரின்டென்டென்ட் போட்டோவை யாராவது போடுவார்களா?

2023 ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலையில், நமது பகுதிக் குடும்பங்கள் பலவும் டெலிவிஷன் முன்னால் இருந்தன. அன்று திட்ட இயக்குநராக எழுந்து பேசிய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தகப்பனார் ரயில்வேயில் டெக்னீஷியன். மகன் படித்தது ரயில்வே பள்ளிக்கூடத்தில். அவருக்கு அடுத்து மைக் முன்னால் வந்தவர் துணைத் திட்ட இயக்குநர் கே. கல்பனா. அவர் பூர்வீகம் நமது சித்தூர் மாவட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த பத்து நாளில், செப்டம்பர் 2-ம் தேதி, சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை விவசாயக் குடும்பத்துப் பெண். அதற்கும் முன்னால், 2019-ல் சந்திரயான்-2 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் வனிதா.

ஆக, ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் படம் அவர்களிடம் என்ன கேட்கிறது? ஆணிடம் இன்ஜின் எப்படி வேலை செய்தது என்று கேட்கிறது. பெண்ணிடம் வீட்டையும் ஆபீசையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறது. கேமரா பெண்ணின் சமையலறை வரை போகிறது. ஆண் விஞ்ஞானியின் சமையலறையை நாம் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. அங்கேயும் ஒரு பெண் இருப்பாள் என்பதால் கூட்டிப் போகவில்லை போலும்!

இன்னொரு குரலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போது விநாடிகளை எண்ணிச் சொன்ன பெண் குரலை நம்மில் யார் கேட்கவில்லை? அந்தக் குரலுக்கு உரியவர் வளர்மதி. 2023 ஜூலை 14-ம் தேதி சந்திரயான்-3 கிளம்பியபோது எண்ணியது அவருடைய கடைசி எண்ணிக்கைகளில் ஒன்று. செப்டம்பர் தொடக்கத்தில் காலமானார். பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரிந்ததே மரணச் செய்தியில்தான்.

இது இஸ்ரோவோடு தொடங்கியதும் அல்ல. தும்பாவைப் பற்றிப் படம் எடுத்தால் மாதா கோயில் வரும், சைக்கிளில் ராக்கெட் பாகம் வரும், 1963 நவம்பர் 21-ம் தேதி கிளம்பிய முதல் ராக்கெட் வரும். அங்கே வானிலை அளக்கும் நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்த அன்னா மணி அத்தனை சுலபமாக வரமாட்டார். பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைரக் கற்களின் ஒளியை ஆராய்ந்தவர். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அப்புறம் இந்திய வானிலைத் துறையில் துணை டைரக்டர் ஜெனரலாக உயர்ந்து 1976-ல் ஓய்வு பெற்றார். தேசிய விஞ்ஞான தினத்தில் ராமனைக் கொண்டாடுகிற நாம், அதே ஆய்வுக்கூடத்தில் இரவெல்லாம் போட்டோத் தகடு பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையும் ஒரு தடவை நினைத்தால் என்ன குறைந்துவிடும்?

நிறத்தின் கதைக்கு வருவோம். 1980-ல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் சேகன் "காஸ்மோஸ்" என்ற 13 பகுதித் தொடரைக் கொடுத்தார். அருமையான தொடர், இன்றைக்கும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பத்தாவது பகுதியில் அவர் நம் தமிழ்நாட்டுக்கே வருகிறார். பொங்கல் விழா, தாராசுரம் கோயில், சோழர் காலத்து நடராசர். நம் முன்னோர் நினைத்த கால அளவு எத்தனை பெரிது என்று மரியாதையோடு பேசுகிறார். ஆனால் பேசுவது அவர்தான். நம் ஜனங்கள் பொங்கல் வைக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், நடக்கிறார்கள். அவர்கள் தெய்வத்தை நினைக்கிறார்கள், அவர் பிரபஞ்சத்தை நினைக்கிறார். அதே 1980 ஜூலை 18-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்திருந்தது. இந்தியன் என்றால் பழங்காலம் என்ற கணக்கில் அது சேரவில்லை. 34 ஆண்டு கழித்து 2014-ல் அதே தொடர் புதிதாக வந்தபோது, தொகுத்து வழங்கியவர் கறுப்பின விஞ்ஞானி நீல் டிகிராஸ் டைசன். ஹார்வர்டில் நட்சத்திரங்களை வகைப்படுத்திய ஆனி ஜம்ப் கேனன், நட்சத்திரம் எதனால் ஆனது என்று கண்ட சிசிலியா பெய்ன் போன்ற பெண்களுக்காகவே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. மாற்ற முடியாதது இல்லை. யார் எடுக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டிலும் நல்ல முயற்சி நடந்தது. 1989-ல் தூர்தர்ஷனில் "பாரத் கீ சாப்" என்ற 13 பகுதித் தொடர் வந்தது. இந்திய விஞ்ஞான வரலாறு. இயக்கியவர் சந்திதா முகர்ஜி என்ற பெண். ராஜா ராணி கதையாக இல்லாமல், கைத்தொழில் செய்தவர்களின் அறிவையும் விஞ்ஞானத்தோடு சேர்த்துப் பார்த்த தொடர். அந்த வழியில் பலர் நடந்திருந்தால் நாம் இந்தத் தலையங்கம் எழுதியிருக்க மாட்டோம்.

குமாஸ்தாக்களைப் பற்றிச் சொல்ல வந்ததால், கணக்கு மேதை ராமானுஜன் நினைவு வருகிறது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் தம்மைக் குமாஸ்தா என்றே அறிமுகம் செய்துகொண்டார். 1987-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் அவரைப் பற்றி வந்த படத்துக்கு "ஓர் இந்தியக் குமாஸ்தாவின் கடிதங்கள்" என்ற பொருளில்தான் தலைப்பு. நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ராமானுஜனைப் பற்றிய படங்களின் பொது வாய்ப்பாடு ஒன்று உண்டு. இங்கிலாந்துக்காரர் தர்க்கம், நம்மவர் ஞானதிருஷ்டி. அவர் நிரூபிப்பார், இவருக்குக் கனவில் வரும். நாமகிரித் தாயார் அருளைப் பற்றி ராமானுஜன் பேசியது மெய்தான். பக்தி அவருடைய சொந்த விஷயம். ஆனால் கார் என்பவர் எழுதிய கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த உழைப்பு எங்கே போயிற்று? அதே ஆபீசில் மேலதிகாரியாக இருந்து இரவில் கூட உட்கார்ந்து கணக்குப் போட்ட நாராயண அய்யர் எங்கே? நெல்லூர்க் கலெக்டராக இருந்து மாதம் 25 ரூபாய் உதவிய ராமச்சந்திர ராவ் எங்கே? உழைப்பைக் கழித்துவிட்டு அற்புதத்தை மட்டும் வைத்தால், அந்த மனிதரை மரியாதையாக மனித ஜாதியிலிருந்து விலக்கிவிட்டதாக ஆகும். வெள்ளைக்கார மேதைக்கு நோட்டுப் புத்தகம், கறுத்த மேதைக்கு அசரீரி!

அவர் மனைவி ஜானகி அம்மாளின் நிலை இன்னும் பரிதாபம். படங்களில் அவர் மாமியாருக்குப் பயந்து மூலையில் நிற்கும் சிறு பெண். 1920 ஏப்ரல் 26-ம் தேதி கணவர் 32 வயதில் இறந்தபோது அவருக்கு வயது இருபதைச் சுற்றி. கடைசி மாதங்களில் அந்த நோயாளிக்குப் பணிவிடை செய்தவர் அவர்தான். அந்தக் கடைசி ஆண்டில் எழுதிய தாள்களைத்தான் 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுத்து உலகம் வியந்தது. விதவையான ஜானகி அம்மாள் அதற்கப்புறம் 74 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். திருவல்லிக்கேணியில் தையல் மெஷின் மிதித்துப் பிழைத்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்று அவர் வருந்தியது வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் காதுக்கு எட்டி, அவர்கள் பணம் திரட்டி 1980-களில் மார்பளவுச் சிலை செய்து அனுப்பினார்கள். 1994-ல் மறைந்தார். தையல் மிதித்து வாழ்ந்த 74 ஆண்டு எந்தப் படத்திலும் ஐந்து நிமிஷம் பெறாது. நமது வாசகிகள் எத்தனையோ பேர் தையல் மெஷினில் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். அவர்களுக்கு அந்த அம்மாளைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று நீட்டி எழுதினோம்.

இப்போது நமக்கு மிக அருகில் உள்ளதைப் பேசுவோம். ஸ்ரீஹரிகோட்டா இன்றைக்குத் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த தீவு. 1969-ல் ஏவுதளத்துக்கு என்று தேர்ந்தெடுத்தார்கள்; 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. தேர்ந்தெடுத்தபோது அது வெறும் காடு என்று படங்கள் சொல்லும். அங்கே யானாதி மக்கள் வாழ்ந்தார்கள். காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து, ஓடையில் மீன் பிடித்து வாழ்ந்த ஜனங்கள். ஏவுதளத்துக்காக இடம் பெயர்க்கப்பட்டார்கள். ராக்கெட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கையும் டெலிபோனும் அதனால்தான் நம் குடிசைக்கு வந்தது. ஆனால் ஏவுதளத்தின் கதையை முதலிலிருந்து சொல்கிற படம், அந்தத் தீவின் கதையை நடுவிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

யானாதிகளுக்கு ஒன்றுவிட்ட உறவு போன்றவர்கள் நம் பக்கத்து இருளர்கள். நமது சந்தாதாரர்களிலும் இருளர் குடும்பங்கள் உண்டு. பாம்பைப் பற்றிய படங்களில் அவர்கள் அடிக்கடி வருவார்கள். எப்படி வருவார்கள்? வெளிநாட்டு நிபுணர் ஜீப்பிலிருந்து இறங்குவார். இருளர் முன்னால் நடந்து, தடம் பார்த்து, வளையைத் தோண்டி, பாம்பை எடுத்துக் கொடுப்பார். நிபுணர் அதைக் கையில் பிடித்துக் கேமராவைப் பார்த்துப் பேசுவார். அவ்வளவுதான், அறிவு கை மாறிவிட்டது.

நம் ஊர்த் தமிழில் டப்பிங் செய்யும்போது இன்னொரு அநியாயமும் சேர்கிறது. நாம் கேட்ட ஒரு படத்தில் நிபுணர் "கூறுகிறார்", பழங்குடி மனிதர் "சொல்றான்". நிபுணருக்கு மேடைத் தமிழ். பழங்குடிக்குச் சினிமாக் கோமாளியின் கொச்சைத் தமிழ். இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் ஒரே வினைதான். "அர்" விகுதியை ஒருவருக்குக் கொடுத்து மற்றவரிடம் பிடுங்கியது நம்மவர் செய்த வேலை. வெள்ளைக்காரனைக் குறை சொல்லித் தப்ப முடியாத இடம் இது.

அந்த அறிவின் மதிப்பு என்ன? 1978-ல் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுவார்கள். கரும்பு வெட்டும்போது விரியன் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் ஆளுக்கு ஏற்றும் மாற்று மருந்து அந்த விஷத்திலிருந்து செய்வதுதான். 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மலைப்பாம்பு பெருகி மற்ற உயிர்களை அழித்தபோது, அங்குள்ள பல்கலைக்கழகம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனது. நாய், கேமரா, கருவி எல்லாம் வைத்திருந்தவர்கள் இவர்கள் பின்னால் நடந்து கற்றுக்கொண்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது. விருது வந்தபிறகுதான் நம் டப்பிங்காரர்களுக்கு "அர்" விகுதி ஞாபகம் வருமா?

காணிப்பாக்கத்திலிருந்து திருப்பதி போகும் வழியில் தெரிகிற சேஷாசலம் மலையைப் பற்றியும் விஞ்ஞானப் படங்கள் உண்டு. செம்மரம் இந்தக் கிழக்கு மலைத் தொடரின் தென்பகுதியில்தான் இயற்கையாக வளரும். உலகில் வேறெங்கும் இல்லை. 1995 முதல் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் மரத்தின் இலை, பட்டை, விதை என்று அத்தனை பொறுமையாக விளக்குகிற படம், மரம் வெட்டும் கூலியைக் காட்டும்போது மட்டும் இருட்டில் ஓடும் நிழலாகக் காட்டுகிறது. பின்னால் திகில் சங்கீதம். 2015 ஏப்ரல் 7-ம் தேதி அந்த மலையில் ஆந்திரப் போலீஸ் சிறப்புப் படை சுட்டு 20 தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்து மலைக் கிராமத்து ஏழைகள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். எது எப்படியாயினும், செத்தவன் நிழல் என்று பழகிப்போன கண்ணுக்கு அந்தச் செய்தி இரண்டு நாள் செய்திதான். காட்பாடியிலிருந்து பாகாலா வரும் வண்டியில் வேலை தேடி வரும் நம் ஆட்களை, தமிழ் பேசினார்கள் என்பதற்காகவே சந்தேகத்தோடு பார்த்ததை டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து நாமே பார்த்திருக்கிறோம். படம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்று மூத்த தோழருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்.

நம் வீட்டுக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு விழாவில் இருநூறு பேருக்குச் சமைத்தது சங்கத்துத் தாய்மார்கள். இந்தப் பத்திரிகையில் அச்சான விழாப் போட்டோவில் மேடையும் மாலையும் ஆண்களும்தான் இருக்கிறார்கள். ஓரத்தில் கரண்டியோடு நின்ற இரண்டு பேரை, அளவு சரியாக வரவில்லை என்று வெட்டியது நாம்தான். அமெரிக்காவில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, தம்முடைய ஆய்வு அறை ஆண்களுடையதைவிடச் சிறியது என்று சொன்னபோது யாரும் நம்பாததால், டேப் எடுத்து இரவில் ஒவ்வொரு அறையாக அளந்தாராம். அவர் கதை 2020-ல் "பிக்சர் எ சயன்டிஸ்ட்" என்ற படத்தில் வந்திருக்கிறது. அந்த டேப்பை நமது பத்திரிகைப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் நமக்குத் தலைகுனிவுதான்.

ஆகவே சில காரியங்கள் முடிவு செய்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்குப் படம் தொடரும். படம் முடிந்ததும் சுண்டலுக்கு முன்னால் ஒரு வேலை: யார் பேசினார்கள், யார் பேசாமல் வேலை செய்தார்கள், யாருக்குப் பெயர் சொன்னார்கள் என்று பிள்ளைகளே நோட்டில் எழுத வேண்டும். பெரியவர்கள் குறுக்கே பேசக் கூடாது. திருப்பதி சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1024 ஆன்டெனாக்களை நட்டு வானத்தின் காற்றை அளக்கும் ரேடார் அங்கே உண்டு. பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் நாம் எல்லோரும் போய்வருகிறோம், இறங்கியதில்லை. பிள்ளைகளை அழைத்துப்போக அனுமதி கேட்டு மனு எழுதியாகிவிட்டது. பெண் விஞ்ஞானி ஒருவர் விளக்கினால் நல்லது என்றும் மனுவில் சேர்த்திருக்கிறோம். ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பொதுமக்கள் உட்கார்ந்து ராக்கெட் ஏவுவதைப் பார்க்க இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிப் பெயர் பதிய வேண்டும். சூளூர்ப்பேட்டை வரை ரயில் உண்டு. டிக்கெட் விஷயத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தக் குழந்தையின் தாயாரிடம் மறுபடியும் போனோம். "பத்தாவது ரிசல்ட் வரட்டும் அண்ணே, பார்க்கலாம்" என்றார். முன்பு சொன்னதைவிட இது ஒரு படி மேல். பதினொன்றாம் வகுப்புக்கு சயின்ஸ் குரூப்பில் சேர்க்கத் தேவையான ஃபீசையும் புத்தகத்தையும் பற்றி அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேச வேண்டும். அவளுக்கு மட்டும் அல்ல, பத்தாவது எழுதும் நம் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும்.

விழாப் போட்டோவில் வெட்டிவிட்ட இருவர் படமும் பெயரும் இந்த இதழின் பின் அட்டையில் இருக்கிறது. பெங்களூரில் ஆப்பிளை ஏற்றிய அந்த மாட்டு வண்டியை ஓட்டியவரையோ, அவர் குடும்பத்தையோ அறிந்தவர்கள் வாசகர்களில் இருந்தால், சங்க விலாசத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். கேட்ட குழந்தை காத்துக்கொண்டிருக்கிறது.